சிவப்புத் தொப்பி

*ஒலிம்பிக் தங்கத்தையும் வெள்ளியையும் கழுத்தில் அணிந்த வாட்டர் போலோ கோல்கீப்பர் பெட்ஸி ஆம்ஸ்ட்ராங்கின் பயணம்*

லண்டன் ஒலிம்பிக், 2012 ஆகஸ்ட் 7. பெண்கள் வாட்டர் போலோ அரையிறுதி. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 9–8 என முன்னால் நிற்கிறது அமெரிக்கா. கடிகாரத்தில் மிச்சம் ஒரே ஒரு விநாடி. அமெரிக்க முகாம் நிம்மதிப் பெருமூச்சு விடப்போகும் நேரத்தில், பயிற்சியாளர் ஆடம் கிரிகோரியன் டைம் அவுட் கேட்டுவிட்டார்.

பந்து எந்த அணியிடம் இருக்கிறதோ, அந்த அணிக்குத்தான் டைம் அவுட் கேட்க உரிமை. அந்தக் கணத்தில் பந்து ஆஸ்திரேலியாவிடம் இருந்தது. விதிப்படி தண்டனை பெனால்டி. ஐந்து மீட்டர் தூரத்தில் ஓர் ஆஸ்திரேலிய வீராங்கனை பந்தோடு மிதக்கிறார். எதிரே கோல் கோட்டில் சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் மட்டும். தப்பு இவர் செய்ததில்லை. ஆனால் அதன் விலையைக் கேட்டுக்கொண்டு பந்து வந்து நிற்பது இவர் வாசலில்தான்.

விசில் ஊதுகிறது. பந்து வலைக்குள். 9–9.

கையில் இருந்த இறுதிப்போட்டி ஒரு விநாடியில் நழுவிப்போனால் எந்த அணியும் கலங்கும். அடுத்து மும்மூன்று நிமிடங்களாக இரண்டு பகுதி கூடுதல் நேரம். அந்த ஆறு நிமிடத்தில் அமெரிக்கா இரண்டு கோல் போட்டது. ஆஸ்திரேலியாவுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆட்டம் 11–9 என முடிந்தது.

அந்த இரண்டு கோல்களைப் போட்டவர்கள் கொண்டாடப்பட்டார்கள், அது நியாயம்தான். எனக்கு அந்த ஆறு நிமிடப் பூஜ்ஜியம்தான் பெரிதாகத் தெரிகிறது. அந்தப் பூஜ்ஜியத்துக்குக் காவல் நின்ற சிவப்புத் தொப்பிக்காரர் பெட்ஸி ஆம்ஸ்ட்ராங்.

நிற்க இடமில்லாத வாசல்

பெட்ஸியின் அருமை புரிய வேண்டுமானால், அவர் செய்த வேலை என்னவென்று முதலில் தெரிய வேண்டும்.

வாட்டர் போலோவில் ஓர் அணிக்கு ஏழு பேர்; அதில் ஒருவர் கோல்கீப்பர். எட்டு நிமிடங்களாக நான்கு பகுதிகள். பந்து வெளியே போனாலும், தவறுக்கு விசில் ஊதினாலும் கடிகாரம் நிற்கும். அதனால் 32 நிமிட ஆட்டம் முடிய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிவிடும். அவ்வளவு நேரமும் யாருடைய காலும் தரையைத் தொடாது. ஒலிம்பிக் குளத்தின் ஆழம் அப்படி.

கிணற்றிலோ ஏரியிலோ நீச்சல் பழகியவர்களுக்கு நிலைநீச்சல் தெரிந்திருக்கும். முன்னே போகாமலும் மூழ்காமலும் தலையை வெளியே வைத்துக்கொண்டு ஓரிடத்தில் நிற்பது. ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், தொடை கடுத்துவிடும். வாட்டர் போலோ கோல்கீப்பர் அந்த நிலைநீச்சலில் ஒரு மணி நேரம் இருக்கிறார். அதற்கு மேல், நினைத்த கணத்தில் தண்ணீரை உதைத்து இடுப்பளவு வெளியே எழும்பவும் வேண்டும்.

கையால் சுற்றும் முட்டை அடிக்கும் கருவியைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு சக்கரங்கள் எதிரெதிராகச் சுழலும். அதே மாதிரி வலது காலும் இடது காலும் மாறி மாறி வட்டம் போட வேண்டும். அதனால் அந்த உதைக்கே ‘எக்பீட்டர்’ என்று பெயர். கைகள் தண்ணீருக்கு அடியில் தோசை மாவைத் தேய்ப்பதுபோல உள்ளும் வெளியுமாகப் போய்வந்துகொண்டிருக்கும். உடம்பு சற்று முன்னால் சாய்ந்திருக்கும். கண் மட்டும் பந்தை விட்டு நகராது.

அவர் காக்கும் கோல் மூன்று மீட்டர் அகலம். தண்ணீருக்கு மேல் 90 சென்டிமீட்டர் உயரம். பார்க்கச் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் 400 கிராமுக்குக் குறையாத பந்து, ஐந்தாறு மீட்டர் தொலைவிலிருந்து, ஈரத்தோடு பறந்து வருகிறது. சிலர் நேராக எறிவார்கள். சிலர் தண்ணீர்மேல் ஒரு குத்துக் குத்தி எழும்ப விடுவார்கள். சிலர் கோல்கீப்பரின் தலைக்கு மேலே பூப்போலத் தூக்கிப் போடுவார்கள்.

இவற்றைவிடக் கொடுமை, எறியாமல் ஏமாற்றுவது. எறிவதுபோலக் கையை ஓங்குவார்கள், எறிய மாட்டார்கள். கோல்கீப்பர் எழும்புவார். எழும்பிய உடம்பு இறங்கித்தானே ஆக வேண்டும்? இறங்கும் அந்த நொடியில் பந்து வரும். தரையில் நிற்பவர் ஏமாந்தால் மறுபடி குதிக்கலாம். தண்ணீரில் ஏமாந்தவருக்கு ஊன்றி எழத் தரை கிடையாது. அதனால் நல்ல கோல்கீப்பர் பதறி எழும்ப மாட்டார். முதல் ஓங்கலுக்கு அரையளவு எழுந்து, அந்த உயரத்திலேயே காலால் தாக்குப்பிடித்து, இரண்டாவது ஓங்கலையும் பார்த்துவிட்டு, பந்து விரலை விட்டுப் பிரியும் கணத்துக்காகக் காத்திருப்பார். பொறுமைக்கு இவ்வளவு உடம்பு வலிக்கும் என்பதை நான் இந்த ஆட்டத்தில்தான் கண்டேன்.

மற்ற ஆறு பேரும் பந்தை ஒற்றைக் கையால்தான் தொடலாம். தன் எல்லைக்குள் இரண்டு கைகளையும் பயன்படுத்தக் கோல்கீப்பருக்கு மட்டும் அனுமதி உண்டு. குளம் முழுவதையும் நேருக்கு நேர் பார்க்கக்கூடியவரும் அவர்தான். யார் தனியாக விடப்பட்டிருக்கிறார், எதிரணி எறிவதற்கு இன்னும் எத்தனை விநாடி, யார் கையைத் தூக்கி எந்தப் பக்கத்தை மறைக்க வேண்டும் என்று கத்திக்கொண்டே இருப்பார். பந்தைப் பிடித்ததும் முதல் பாஸும் அவருடையதே. எதிர்த்தாக்குதல் அங்கிருந்துதான் கிளம்பும்.

இன்னொரு வேலையும் உண்டு. பந்து உள்ளே போய்விட்டால், தன் வலைக்குள் மிதக்கும் அதைத் தானே எடுத்து நடுவுக்கு எறிய வேண்டும். ஆட்டம் மறுபடி அங்கிருந்து தொடங்கும். தோற்ற இடத்தைத் திரும்பிப் பார்த்து, பந்தைக் கையிலெடுத்து, அணிக்கு அனுப்பிவிட்டு, உடனே மறுபடி முன்னால் பார்த்து நிற்க வேண்டும். பெட்ஸியின் விளையாட்டு வாழ்க்கையை ஒரே அசைவில் காட்டச் சொன்னால், நான் இதைத்தான் காட்டுவேன்.

குளிர்நாட்டுப் பெண்

பெட்ஸி 1983 ஜனவரி 31 அன்று மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் எலிசபெத். இந்த ஊர் விவரம் முக்கியம். அமெரிக்காவில் வாட்டர் போலோ என்றால் கலிஃபோர்னியா. அங்கே வெயில் உண்டு, திறந்தவெளிக் குளங்கள் உண்டு, பள்ளிக்கூடம் தோறும் அணிகள் உண்டு. பல்கலைக்கழகப் பெண்களுக்கான தேசியப் போட்டி 2001-இல் தொடங்கியது. அன்று முதல் இன்று வரை அந்தக் கோப்பை கலிஃபோர்னியாவை விட்டு வெளியே போனதே இல்லை.

ஆன் ஆர்பர் பனி கொட்டும் ஊர். அங்கே கொண்டாடப்படுவது அமெரிக்கன் ஃபுட்பால். அந்த ஆட்டத்துக்காகப் பல்கலைக்கழகம் கட்டிய மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். வாட்டர் போலோவோ நான்கு சுவருக்குள், கேனம் நீச்சல் அரங்கில் நடக்கும்.

பெட்ஸி உள்ளூர் ஹியூரான் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பிறகு அதே ஊரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2002 முதல் 2005 வரை அதன் கோல்கீப்பர். அந்த அணிக்கே அப்போது வயது ஒன்றோ இரண்டோதான். அமெரிக்காவில் 1972-இல் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்கள் பெண்களுக்கும் ஆண்களுக்கும் சம வாய்ப்பு தர வேண்டும் என்றது. அந்தச் சட்டம் விளையாட்டுக் களங்களிலும் கதவுகளைத் திறந்தது. அதற்குப் பிந்தைய தலைமுறையின் பிள்ளை பெட்ஸி.

ஒலிம்பிக் கதவு இன்னும் தாமதமாகத் திறந்தது. ஆண்கள் வாட்டர் போலோ 1900-லேயே ஒலிம்பிக்கில் நுழைந்துவிட்டது. பெண்களுக்கு இடம் கிடைத்தது 2000-இல், சிட்னியில். ஒரு முழு நூற்றாண்டு காத்திருப்பு. அந்த இடத்துக்காக முன்னணியில் நின்று போராடியவர்கள் ஆஸ்திரேலிய வீராங்கனைகள். அந்த முதல் தங்கத்தையும் அவர்களே வென்றார்கள். இறுதிப்போட்டி முடிய 1.3 விநாடி இருக்கும்போது இவெட் ஹிக்கின்ஸ் போட்ட கோலில் 4–3. தோற்றது அமெரிக்கா. 2004 ஏதென்ஸ் அரையிறுதியில் இத்தாலியிடம் 6–5. அங்கும் ஒரு கோல்தான். அமெரிக்காவுக்கு வெண்கலம் மிஞ்சியது.

இரண்டு ஒலிம்பிக்கிலும் ஒற்றைக் கோலில் தங்கத்தைத் தவறவிட்ட அணியின் வாசலுக்குத்தான் பெட்ஸி வந்து சேர்ந்தார்.

பெய்ஜிங்: 26 விநாடிகள்

தொடக்கம் நன்றாகவே இருந்தது. 2007-இல் மெல்போர்னில் நடந்த உலக சாம்பியன்ஷிப் இறுதியில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 6–5 என அமெரிக்கா வென்றது. இந்த முறை ஒற்றைக் கோல் அமெரிக்காவின் பக்கம் விழுந்தது. அடுத்த ஆண்டு உலக சாம்பியனாகவே பெய்ஜிங்குக்குப் போனார்கள்.

2008 ஆகஸ்ட் 21, ஒலிம்பிக் இறுதிப்போட்டி. எதிரணி நெதர்லாந்து. ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே டச்சுப் பெண்கள் 4–0 என்று போய்விட்டார்கள். நான்கு முறை வலைக்குள் கைவிட்டுப் பந்தை எடுத்தாயிற்று, ஒருமுறைகூடத் திருப்பிக் கொடுத்தாகவில்லை. அங்கிருந்து அமெரிக்கா ஒவ்வொன்றாக எட்டிப்பிடித்தது. கடைசிக் கட்டத்தில் 8–8.

அன்று டானியல் டி பிரைன் என்ற டச்சு வீராங்கனையை யாராலும் கட்டுப்படுத்த முடியவில்லை. நெதர்லாந்து போட்ட ஒன்பது கோல்களில் ஏழு அவருடையவை. ஏழாவது கோல் விழுந்தபோது ஆட்டம் முடிய 26 விநாடி இருந்தது. 9–8. தங்கம் நெதர்லாந்துக்கு.

ஒரே ஆள் ஏழு முறை உங்களைத் தாண்டிப் பந்தைப் போடுகிறார், அதுவும் ஒலிம்பிக் இறுதியில். கோல்கீப்பருக்கு இதைவிடக் கொடிய நாள் இருக்க முடியாது. முன்கள வீராங்கனை ஏழு வாய்ப்பைத் தவறவிட்டால், மறுநாள் செய்தியில் அது ஒரு வரி. கோல்கீப்பர் விட்ட ஏழும் ஸ்கோர் பலகையில் எண்ணாக நிற்கும். பெய்ஜிங் பதக்க மேடையில் கழுத்தில் வெள்ளியோடு பெட்ஸி நின்றபோது அவருக்கு வயது 25.

அத்தோடு போதும் என்று அவர் போயிருக்கலாம். உலகப் பட்டமும் ஒலிம்பிக் வெள்ளியும் கையில் இருந்தன. இந்த ஆட்டத்தில் கோடி கோடியாகப் பணமும் கிடையாது. ஆனாலும் அவர் தண்ணீருக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டே ரோமில் உலக சாம்பியன்ஷிப். இறுதியில் கனடாவை 7–6 என வென்று அமெரிக்கா மறுபடி பட்டம் வாங்கியது.

சிட்னி 4–3, ஏதென்ஸ் 6–5, மெல்போர்ன் 6–5, பெய்ஜிங் 9–8, ரோம் 7–6. இந்த வரிசையை நான் பலமுறை எழுதிப் பார்த்தேன். ஒரு கோலால் போனது மூன்று, ஒரு கோலால் வந்தது இரண்டு. அந்த ஒற்றைக் கோல் எந்தப் பக்கம் விழும் என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் கடைசியில் வந்து நிற்பது கோல்கீப்பர் முன்னால்தான்.

குவாதலஹாரா: முடியாத ஆட்டம்

2011 அக்டோபர். மெக்சிகோவின் குவாதலஹாராவில் பான் அமெரிக்கன் விளையாட்டுப் போட்டி. தங்கம் வெல்லும் அணிக்கு லண்டன் ஒலிம்பிக் இடம் நேரடியாகக் கிடைக்கும். இறுதியில் மறுபடி அமெரிக்காவும் கனடாவும்.

ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டி ஷூட்-அவுட்டுக்குப் போனது. வழக்கமாக ஐந்து சுற்றில் தீர்ந்துவிடும் விஷயம் அன்று தீர மறுத்தது. இவர்கள் போட அவர்கள் போட, சுற்றுகள் நீண்டுகொண்டே போயின. கடைசியில் அறிவிக்கப்பட்ட ஸ்கோர் 27–26. வென்றது அமெரிக்கா. வாட்டர் போலோவில் கேள்விப்படாத எண்கள் இவை.

பெனால்டியில் கோல்கீப்பருக்கு வாய்ப்பு குறைவு. ஐந்து மீட்டர் தூரம், எறிபவருக்கு மூன்று மீட்டர் அகலக் கோல், குறுக்கே மறைப்பவர் யாரும் இல்லை. பெரும்பாலான பந்துகள் உள்ளே போகும் என்று தெரிந்தே நிற்க வேண்டும். போன பந்தை எடுத்து எறிந்துவிட்டு அடுத்ததற்கு முகம் கொடுக்க வேண்டும். பத்துப் பந்து போனபிறகும், அடுத்த பந்தைத் தன்னால் தடுக்க முடியும் என்று நம்பினால்தான் உடம்பு எழும்பும். அன்று அந்த நம்பிக்கை தளராமல் இருந்ததால்தான் அமெரிக்காவுக்கு லண்டன் கிடைத்தது.

13, 9, 6, 6, 9, 5

லண்டனில் அமெரிக்கா ஆடியது ஆறு ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் ஹங்கேரியை 14–13 என வென்றது. 13 கோல் வாங்குவது எந்தக் கோல்கீப்பருக்கும் இனிக்காது. அடுத்து ஸ்பெயினோடு 9–9 சமன். சீனாவோடு 7–6 வெற்றி. காலிறுதியில் இத்தாலியை 9–6 என வென்றது. அரையிறுதியில்தான் அந்த ஒரு விநாடி விபரீதம், 11–9.

ஆகஸ்ட் 9, இறுதிப்போட்டி. எதிரே மறுபடி ஸ்பெயின். அந்நாட்டுப் பெண்கள் வாட்டர் போலோ அணிக்கு அதுவே முதல் ஒலிம்பிக். பயமறியாத இளம் அணி. எட்டு நாள் முன்பு பெட்ஸியைத் தாண்டி ஒன்பது முறை பந்தை வலைக்குள் அனுப்பியவர்கள். இறுதியில் அவர்களால் போட முடிந்தது ஐந்துதான். 8–5. அமெரிக்கப் பெண்களுக்கு ஒலிம்பிக் வாட்டர் போலோவில் முதல் தங்கம்.

மறுநாள் செய்திகளில் நிறைந்திருந்த பெயர் மேகி ஸ்டெஃபன்ஸ். 19 வயதில் இறுதிப்போட்டியில் ஐந்து கோல், மொத்தத் தொடரில் 21. அந்தப் புகழுக்கு அவர் முழுத் தகுதியானவர். ஆனால் இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆறு ஆட்டங்களில் அமெரிக்கா வாங்கிய கோல் 48. பெட்ஸி தடுத்தவை 53. கோலை நோக்கி வரும் பந்துகளில் பாதியைத் தடுப்பவரையே உலகத்தரக் கோல்கீப்பர் என்பார்கள். பெட்ஸி அதற்கு மேலேயே நின்றார்.

அன்று அந்த மேடையில் பிரெண்டா வில்லாவும் ஹெதர் பெட்ரியும் நின்றார்கள். சிட்னியின் 1.3 விநாடி, ஏதென்ஸின் ஒற்றைக் கோல், பெய்ஜிங்கின் 26 விநாடி என மூன்றையும் தண்ணீரில் இருந்தே அனுபவித்தவர்கள். வெள்ளி, வெண்கலம், வெள்ளி என்று வாங்கிவந்த கைகளில் நான்காவது ஒலிம்பிக்கில்தான் தங்கம் விழுந்தது. அவர்களுடைய பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்புக்குப் பின்னால் காவலாக இருந்தவர் பெட்ஸி. பயிற்சியாளரின் தப்புக்காக அரையிறுதியில் ஒரு கோலை ஏற்றுக்கொண்டவர், அதே பயிற்சியாளர் கையிலும் இரண்டு நாளில் ஒரு தங்க அணியைக் கொடுத்தார்.

அடுத்த தொப்பி

2016 ரியோ ஒலிம்பிக் வந்தபோது பெட்ஸி ஓய்வு பெற்றிருந்தார். அமெரிக்காவின் கோலில் நின்றவர் ஆஷ்லி ஜான்சன். அமெரிக்கப் பெண்கள் ஒலிம்பிக் வாட்டர் போலோ அணியில் இடம்பிடித்த முதல் கறுப்பினப் பெண். அவரும் கலிஃபோர்னியாக்காரர் இல்லை. ஃபுளோரிடாவின் மயாமியில் வளர்ந்தவர். ரியோவிலும் அதற்கடுத்த டோக்கியோவிலும் தங்கம். லண்டனில் தொடங்கிய வரிசை மூன்றாக நீண்டது. குளிர்நாட்டிலிருந்து வந்த ஒருவர் அந்த வாசலில் நின்று காட்டியிருந்தார். ஊர் பார்த்துத் திறமையை அளக்கத் தேவையில்லை என்பது அடுத்து வந்தவரிடமும் உண்மையானது.

லண்டன் இறுதியில் குளத்தின் மறுமுனையில் நின்ற கோல்கீப்பரையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. ஸ்பெயினின் லாரா எஸ்டெர், அப்போது வயது 22. அன்று எட்டுக் கோல் வாங்கி வெள்ளியோடு வீடு திரும்பினார். டோக்கியோவில் மறுபடி வெள்ளி. 2024 பாரிஸில் ஸ்பெயின் 11–9 என ஆஸ்திரேலியாவை வீழ்த்தித் தங்கம் வென்றபோது அவரும் அந்த அணியில் இருந்தார். லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள். பெய்ஜிங்குக்கும் லண்டனுக்கும் இடையே பெட்ஸி கடந்த பாதையையே லாரா மூன்று மடங்கு நீளத்தில் கடந்தார்.

இந்தக் கட்டுரைக்காக லண்டன் அரையிறுதியின் ஒளிப்பதிவை மறுபடி மறுபடி பார்த்தேன். தங்கம் வென்ற தருணத்தைவிட அந்தப் பெனால்டிதான் என்னை இழுத்தது. ஒரு விநாடி, ஐந்து மீட்டர், தன் தப்பில்லாத ஒரு தண்டனை. எங்கேயாவது விளையாட்டுப் பயிற்சி பெறும் ஒரு பெண் பிள்ளைக்கு ஒரே ஒரு காட்சியைப் போட்டுக் காட்டலாம் என்றால் நான் இதைத் தேர்ந்தெடுப்பேன். பந்து உள்ளே போகும் இடத்தோடு நிறுத்தாமல், அதன் பிறகு வரும் ஆறு நிமிடத்தையும் சேர்த்துக் காட்டுவேன்.

அந்த ஆறு நிமிடமும், அந்தச் சிவப்புத் தொப்பி தண்ணீருக்கு மேலேயே இருக்கிறது.